ஊர்த்தொண்டையில் ஒரு கிட்டார்

டெல்வினை அடக்கம் பண்ணிய வாரம் போய் அடுத்த ஞாயிறு, முதல் பூசையில், பங்குச்சாமி இரண்டு கையையும் விரித்து, மூக்கால் பாதியும் தொண்டையால் பாதியுமாக இழுக்கும் அவருடைய அந்த இழுப்பில் 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று சொல்ல வாயைத் திறந்தபோது, உள்ளேயிருந்து எலெக்ட்ரிக் கிட்டார் வந்தது. கிட்டார் மாதிரி ஏதோ ஒரு சத்தம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், கிட்டாரேதான். கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு அடிக்கிற அடி, இரும்புப் பீப்பாயைப் படிக்கட்டில் உருட்டிவிட்டதுபோலத் தடதடவென்று இறங்கி, கடைசிப் படியில் நிமிர்ந்து நின்றது. சாமி வாயை மூடினார். கோயில் நிறைய இருந்த சனம், எத்தனையோ வருசப் பழக்கத்தில், 'உம்மோடும் இருப்பாராக' என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

பின்பெஞ்சில் ஜெனோவா மட்டும் உட்காரவில்லை.

"லே ரூபஸ்," என்றாள், உதடு அசையாமல். "இது நம்ம ரெண்டாவது பாட்டோட தொடக்கம்லா."

ஐஸில் நாள்பட்டுக் கிடந்த சூரைமீன் மாதிரி ரூபஸின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

ஜெனோ, ரூபஸ், செத்துப்போன டெல்வின், இவர்கள் மூன்று பேரும் சேர்ந்ததுதான் திருக்கைவால் என்கிற பேண்டு. நாலாவதாக ஒருவன் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான், துபாய்க்குப் போகும்போது பேஸையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியின் குளிர் அறைதான் அவர்களுக்குப் பயிற்சி இடம்; குளிர் வெளியே போகாமல் இருக்க ஒரு முழத் தடிமனுக்குத் தெர்மாகோல் வைத்துக் கட்டின சுவர், சத்தத்தையும் வெளியே விடாது என்று கண்டுபிடித்தவன் டெல்வின். அவர்கள் வாசிப்பதற்கு மெட்டல்கோர் என்று பேர். ஊரில் அதற்குப் பேய்ப்பாட்டு என்று பேர். டெல்வின் தன் கிட்டார் கம்பிகளைத் துணி காயப்போடலாம் என்கிற அளவுக்குத் தளர்த்தி வைத்து, அடிவயிற்றில் போய் இடிக்கிற மாதிரி வாசிப்பான். ரூபஸ் இரண்டு காலாலும் டிரம்ஸை உதைப்பான். நடுவில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, ஜெனோ கத்துவாள்.

கத்துகிற தொண்டைதான் அவளுக்குப் பிழைப்பும் விளையாட்டும். ஊரில் அவளுக்கு வராத குரல் இல்லை. மீன் ஏலம் விடுகிற சூசை மாமாவின் குரலில் 'ஒருதரம்... ரெண்டுதரம்...' என்று அவருக்குப் பின்னாலேயே நின்று சொல்லி, வாங்க வந்தவர்களைத் திண்டாட வைப்பாள். கரெண்ட் ஆபீஸ் அம்மாவின் குரலில் 'லைன்லயே இருங்க சார்' என்று ரூபஸின் அப்பாவை அரைமணி நேரம் போனைப் பிடிக்க வைப்பாள். ஆனால் அவளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு மத்தியானம் டெல்வின் வீட்டுக் கேட்டில் நின்று, அவன் குரலில், "எம்மா, பசிக்கு," என்று ஒரு கூப்பாடு போடுவதுதான். உள்ளேயிருந்து அவன் அம்மா செலஸ்டின் அத்தை, "வாரேன்லே, கெடந்து கத்தாத," என்று தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, மீன்தலையை எடுத்துவைத்துக்கொண்டு வந்து பார்த்தால் இவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். "ஏட்டி சண்டாளி!" என்று அத்தை கரண்டியை ஓங்குவாள், பிறகு அந்தத் தட்டையே அவள் கையில் கொடுப்பாள். ஜெனோ எல்லாவற்றையும் தின்றுவிட்டு மீன்தலையை மட்டும் ஒதுக்கிவைப்பாள். அவளுக்கு அந்தக் கண்ணைப் பார்த்தாலே குமட்டும். டெல்வின் வந்து சோற்றைக் காணாமல், தலையை மட்டும் உறிஞ்சித் தின்றுவிட்டுப் போவான். அவனுக்குத் தலைதான் உயிர்.

முதல் ஆல்பத்தை அவர்களே ரிக்கார்டு பண்ணினார்கள். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: முதலில் கிட்டார்க்காரன் பாட்டைச் சும்மா ஒரு ஓட்டு ஓட்டிக்காட்டுவான், அதைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு டிரம்ஸ்காரன் ஒழுங்காக வாசிப்பான், டிரம்ஸ் முடிந்ததும் அந்தச் சும்மா கிட்டாரை அழித்துவிட்டு அப்புறம்தான் நிஜக் கிட்டாரை எடுப்பார்கள்; கட்டிடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல. டெல்வின் எல்லாப் பாட்டுக்கும் சாரம் கட்டிக் கொடுத்தான். கடைசிப் பாட்டின் டிரம்ஸ் முடிந்த அன்று, வெயில் சாய்கிற நேரத்தில், நிஜ ரிக்கார்டிங்குக்குப் புதுக் கம்பி வாங்கப் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், துறைமுக ரோட்டில் உப்பு லாரிக்கு அடியில் போனான். ரோட்டில் கொட்டின உப்பைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். அது கொஞ்சம் சிவந்துதான் இருந்தது.

அடக்கம் முடிந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் ரூபஸும் ஜெனோவும் ஐஸ் கம்பெனிக்குப் போனார்கள். என்ன செய்வது என்று தெரியாதபோது மனுசன் வழக்கமாகச் செய்கிறதைத்தானே செய்வான், ரூபஸ் கம்ப்யூட்டரைத் திறந்து, டிரம்ஸைச் சரிபார்த்து, டிரம்ஸ் முடிந்துவிட்டதால், விரல் பழக்கத்தில், ஒவ்வொரு பாட்டாகச் சாரத்தைப் பிரித்தான். இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலிபண்ணினான். "அழிச்சிரட்டா?" என்று அவன் ஒவ்வொரு தடவையும் கேட்டதற்கு ஜெனோ எங்கேயோ பார்த்துக்கொண்டு "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டும் போன பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது: பிரித்துவிட்டு எழுப்புவதற்குக் கொத்தனார் இல்லை.

அழித்தது எங்கேயாவது போகத்தானே வேண்டும். ஊருக்குள் போயிருந்தது.

திங்கட்கிழமை மீன் ஏலத்தில் சூசை மாமா 'ஒருதரம்' என்று சொன்ன இடத்தில் மூன்றாம் பாட்டின் நடுப்பகுதி வந்தது, அதைக் கேட்டுப் பயந்துபோய் ஒரு வியாபாரி விளமீன் கூடையை இரட்டை விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். டீக்கடைச் சிவனணைஞ்சான் 'சீனி தூக்கலா?' என்று கேட்கப் போய், சீனிக்குப் பதிலாக, ஒற்றைக் கம்பி ஓலமிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் 'சைலன்ஸ்' என்றதும் பிள்ளைகள் எழுந்து ஆடின. யார் எந்தச் சொல்லை வாழ்நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்தார்களோ, அந்தத் தேய்ந்த பள்ளத்தில் டெல்வினின் கிட்டார் போய்த் தேங்கியிருந்தது. மற்றச் சொற்களெல்லாம் சொற்களாகவே வந்தன. ஆஸ்பத்திரி டாக்டர் எல்லார் தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டை சுத்தமா இருக்கு, வெந்நீர் குடிங்க, ஆயில் சேக்காதீங்க," என்று சொல்லி, 'நெக்ஸ்ட்' என்று கூப்பிட வாயைத் திறந்தார், ஆறாம் பாட்டு கதவைத் தாண்டிப் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி நிற்கவைத்தது.

ஊர் முதலில் பயந்தது, பிறகு சலித்துக்கொண்டது, பிறகு பழகிக்கொண்டது, பழகினதும் பெருமைக்கும் பொறாமைக்கும் அதை எடுத்துக்கொண்டது. நீளமாக வருகிறவர்கள் கொஞ்சமாக வருகிறவர்களைப் பார்த்து, "ஒமக்கு ரெண்டு தட்டுதானாவே?" என்று கேட்டார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்கள், "பிள்ளைக்குப் பாட்டு வருமா?" என்று கேட்டால் அர்த்தம் மாறியிருந்தது. பெரிய விசைப்படகு வைத்திருந்த மொராயிஸுக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை. 'டீசல்' என்பாரா, 'வட்டி' என்பாரா, எந்தச் சொல்லைச் சொன்னாலும் அந்தச் சொல்லே வந்து விழுந்தது, மனுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாமியிடம் போய், "அடக்கத்துக்குப் பந்தல் போட்டவன் நான், எனக்கு ஒரு தட்டுகூடக் கெடையாதா சாமி?" என்று கேட்டு அழுதார்.

ஜெனோவுக்கும் வரவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தெரிந்த சொல்லெல்லாம் சொல்லிப்பார்த்தாள். ஊரான் குரல்களை எல்லாம் எடுத்து மாட்டிக்கொண்டு திரிந்தவளுக்குத் தனக்கென்று தேய்ந்த சொல் ஒன்று இல்லை, தேங்குவதற்குப் பள்ளம் இல்லை. போதாததற்கு, டெல்வினின் குரலும் அவளை விட்டுப் போயிருந்தது. 'எம்மா' என்று எடுத்தால் வெறும் காற்று வந்தது.

ரூபஸ்தான் சொன்னான்: "அழிச்சது நானு. ஒவ்வொருத்தரா உக்கார வச்சு எடுத்துருவமா?"

எடுத்தார்கள். ஐஸ் கம்பெனியில் கவிழ்த்துப்போட்ட ஐஸ் கேன்மேல் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, மைக்கின் முன்னால் தன் சொல்லைச் சொல்ல, ஜெனோ அதை எந்தப் பாட்டின் எந்த இடம் என்று கேட்டுப் பொருத்தினாள். சுத்தமாக ஒரு தடவை பதிந்துவிட்டால் அது அந்தத் தொண்டையை விட்டு இறங்கிவிடும், சொல் பழையபடி சொல்லாகத் திரும்பிவிடும். இதற்காகத்தானே வந்தோம் என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனவர்கள் வாசல்வரைதான் போனார்கள். சூசை மாமா வாசலில் நின்று, "ஒருதரம்," என்று சொல்லிப்பார்த்தார். தன் கரகரத்த குரலே வந்தது. "ஒருதரம். ஒருதரம்லே," என்று சொல்லிச் சொல்லி, உப்புக்காற்றில் துருவேறிப்போன இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைப் பிடுங்கின இடத்தை நாக்கால் தடவுகிறவர்போல வாயைத் தடவிக்கொண்டு அழுதார். அடக்கத்தன்று அவர் அழவில்லை. சவப்பெட்டிக்கு ஆணி சரியில்லை என்று சண்டைபோட்டுக்கொண்டிருந்தார். அடக்கத்தில் அழாதவர்கள் எல்லாம் ஐஸ் கம்பெனி வாசலில் அழுதார்கள், பதிவு நடந்த நாளெல்லாம் அந்த வாசலில் யாராவது ஒருவர் உட்கார்ந்து தன் சொந்தச் சொல்லைச் சொல்லி அழுதுகொண்டே இருந்தார்கள்.

பாட்டுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன, கடைசிப் பாட்டின் முடிவைத் தவிர. பிரேக்டவுன் என்பார்கள் அதை. ஓடிக்கொண்டிருக்கிற பாட்டு திடீரென நடை தளர்ந்து, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள்போல, ஒவ்வொரு அடியாக, கனமாக ஊன்றி ஊன்றிப் போகிற இடம். அது யார் தொண்டையிலும் இல்லை. மொராயிஸ் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து ஐஸ் கேன்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயாலேயே, "டங்... டங்... டங்கு டங்கு," என்று அடித்துக்காட்டினார். ஜெனோ சிரிக்காமல் அதையும் பதிந்துகொண்டு, "நல்லா இருக்கு மாமா," என்று அனுப்பிவைத்தாள்.

"ஒரே ஒரு ஆள்தான் பாக்கி," என்றான் ரூபஸ்.

அடக்கத்திலிருந்து செலஸ்டின் அத்தை வாயைத் திறக்கவில்லை. துக்கம் என்றார்கள், நேர்ச்சை என்றார்கள். செபமாலையை உதடு அசையாமல் உருட்டினாள். கஞ்சியை ஸ்ட்ரா போட்டு, பல்லிடுக்கில் உறிஞ்சினாள். கழுத்து எலும்பில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் என்கிற அளவுக்கு இளைத்துவிட்டாள், டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது," என்று வெளியே வந்து சொன்னார்.

"போய் எடுத்துட்டு வாட்டி, ஆல்பம் முக்காலும் முடிஞ்சு நிக்கி," என்றான் ரூபஸ்.

"ஆல்பம் கெடக்கட்டும்லே. அத்தையும் போயிருவாபோல."

மத்தியானம் போனாள். கேட்டில் நின்று கூப்பிடவில்லை, தானே திறந்துகொண்டு போனாள். அத்தை அடுப்படியில் அரிவாள்மணையில் யாரும் தின்னாத மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெனோ எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, சாமியின் மூக்கால் பேசினாள், சூசை மாமாவாக அத்தையின் மீனை ஏலம் விட்டாள், மொராயிஸாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தையின் கண் சிரிக்கிறமாதிரி ஒரு கணம் சுருங்கியது. வாய் திறக்கவில்லை.

"அத்த," என்றாள் ஜெனோ கடைசியில், யார் குரலும் இல்லாமல். "எனக்கு அவன் ஒண்ணுமே குடுக்கல அத்த. ஊருக்கெல்லாம் குடுத்தான். ஒங்கட்ட இருக்கிறத ஒருதடவ கேட்டுட்டுப் போயிருதேன். எடுக்க மாட்டேன்."

அத்தை அரிவாள்மணையைச் சாய்த்துவைத்தாள். கையைக் கழுவினாள். எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், கதவைச் சாத்தினாள், கதவிடுக்கில் ஒரு பழைய சேலையைத் திணித்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, வாழ்க்கையில் அவள் மிக அதிகமாகச் சொல்லித் தேய்த்த சொல்லை, மகன் பேரை, சொல்ல வாயைத் திறந்தாள்.

பிரேக்டவுன் வந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஆடின. ஒவ்வொரு அடியும் போய் ஊன்றி, இழுத்து, அடுத்த அடி வைத்தது. முன்பு ஐஸ் கம்பெனியில் கேட்டதைவிடச் சத்தம் குறைந்திருந்தது, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல. கடைசி அடி நீண்டு ஓய்ந்ததும் கம்பியில் கை உரசுகிற சத்தம், நாற்காலி முனகுகிற சத்தம், அதன்பிறகு டெல்வினின் குரல், பக்கத்தில் இருக்கிறவன்போல, மூச்சோடு:

"சரியா வரல ஜெனோ. இன்னொருக்க போலாம்."

அத்தை வாயை மூடினாள். பிறகு, அத்தனை நாளுக்கப்புறம், பேசினாள். குரல் துருப்பிடித்திருந்தது.

"கேட்டியாட்டி? பத்து மாசம் சொமந்தவ தொண்டையில வந்து உக்காந்துக்கிட்டு ஒன் பேரச் சொல்லுதான். ஒரு எடத்துலயாவது அம்மான்னு வராதான்னு தெனமும் தலவாணிய மூஞ்சில வச்சுக்கிட்டு ஒரு தடவ தொறந்து கேப்பேன். தொறக்கத் தொறக்கத் தேயுது. சோத்துக்குத் தொறந்தாலும் தேயுது. இப்பப் பாதிதான் இருக்கு."

அத்தை முந்தானையால் ஜெனோவின் மூக்கைத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் துடைத்தாள்.

"அவன் குரல் ஒனக்கு வருமே. என்னை ஒரு தடவ கூப்பிடு. நான் வந்து குடுத்துருதேன்."

"வரமாட்டேங்கு அத்த. எல்லாம் வருது, அது மட்டும் வரமாட்டேங்கு."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் ஈ சுற்றியது.

"வரலன்னாலும் நான் வாரேன்," என்றாள். "தேய்ஞ்சு ஒண்ணுமில்லாமப் போறதுக்கு, ஒன்கிட்டயாவது இருக்கட்டும். ஒன்னத்தான கூப்பிடுதான்."

அத்தை ஐஸ் கம்பெனிக்கு நடந்து போனபோது ஊரே வாசலில் நின்றது. யாரும் கையைப் பிடிக்கப் போகவில்லை. அவள் ஐஸ் கேன்மேல் உட்கார்ந்து, மைக்கை ஒரு குழந்தையின் முகத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தாள். மிச்சமிருந்ததெல்லாம் வந்தது, அடிமேல் அடியாக வந்து முடிந்து, நாற்காலி முனகி, அந்த வார்த்தைகளும் வந்தன. பாட்டு முடிந்த பிறகு வருகிற மூச்சையும் பேச்சையும் வெட்டி எறிவது அந்தத் தொழிலின் இன்னொரு வழக்கம். ரூபஸின் விரல் தானாகப் போனது. ஜெனோ அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதியப் பிடித்தாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

"டெல்வின்," என்றாள் அத்தை. பேர் பேராகவே வந்தது. வேறொன்றும் இல்லை அதில்.

"டெல்வின்," என்றாள் மறுபடியும், சரிபார்க்கிறவள்போல. தெர்மாகோல் சுவர் அதை வாங்கி வைத்துக்கொண்டது, எதிரொலிகூடத் தரவில்லை. அப்புறம் அவள் எழுந்து நின்று, விளையாடப் போன பிள்ளையைத் தெருக்கோடிவரைக் கேட்கிறமாதிரிக் கூப்பிடுவாளே, அந்தக் கூப்பாடு கூப்பிட்டாள்: "லே டெல்வினூ..."

"எம்மா," என்று அவளுக்குப் பின்னாலிருந்து டெல்வின் சொன்னான். "பசிக்கு."

வாசலில் நின்ற சனம் சிலுவை போட்டுக்கொண்டது. ரூபஸ் திரும்பிப் பார்த்தான். ஜெனோ இரண்டு கையாலும் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேராகப் பார்த்தபடி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"வாரேன்லே, கெடந்து கத்தாத."

ஆல்பத்துக்கு 'இன்னொருக்க' என்று பேர் வைத்தார்கள். எங்கெங்கோ இருந்து ஆட்கள் கேட்டுவிட்டு, இந்தக் கிட்டாருக்குள் மனுசர் மூச்சுவிடுகிறதுபோல இருக்கிறதே, என்ன மிஷின் வைத்துச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஊரில் படகிலும் டீக்கடையிலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் அந்தக் குரல் 'இன்னொருக்க போலாம்' என்று சொல்வதைக் கேட்டதும் யாராவது ஒருவர் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் முதலிலிருந்து போடுவார்கள்.

இரண்டாவது ஆல்பம் வரவில்லை. ஜெனோவிடமிருந்து குரல்கள் உதிர்ந்துகொண்டே வந்தன; முதலில் சாமியின் மூக்கு போனது, பிறகு சூசை மாமா, பிறகு கரெண்ட் ஆபீஸ் அம்மா, கடைசியில் அவளுடைய அந்தக் கத்தலும், அவள் சொந்தப் பேச்சும். இப்போது அவள் வாயைத் திறந்தால் ஒரே ஒரு குரல்தான் வருகிறது, அதனால் அவள் வெளியில் பேசுவதில்லை. சிவனணைஞ்சான் சீனி தூக்கலா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். அவள் அம்மா அவளைப் பேசச்சொல்லிக் கெஞ்சினாள், அடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். முன்பு ஒரு வீட்டில் மூடிக்கிடந்த வாய் இப்போது வேறொரு வீட்டில் மூடிக்கிடக்கிறது என்று ஊர் அதற்கும் பழகிக்கொண்டது.

மத்தியானம் மட்டும் அவள் செலஸ்டின் அத்தை வீட்டுக் கேட்டில் போய் நிற்பாள். "எம்மா, பசிக்கு," என்பாள். உள்ளேயிருந்து கரண்டிச் சத்தமும், வாரேன்லே என்கிற குரலும் வரும். அத்தை இரண்டு தட்டோடு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், ஒன்றை அவள் முன்னால் வைப்பாள். சோறு, குழம்பு, அதன்மேல் வெந்து வெளுத்த கண்ணோடு ஒரு மீன்தலை. ஜெனோ சோற்றைத் தின்பாள். பிறகு தலையை எடுப்பாள். எதிரே தன் தட்டைத் தொடாமல் அத்தை காத்துக்கொண்டிருப்பாள். ஜெனோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உறிஞ்சி, செவுளை உறிஞ்சி, எலும்பைத் தட்டில் போட்டதும், அத்தை குனிந்து தன் சோற்றில் கைவைப்பாள்.